வியாழக்கிழமை சூடாகும் என்ஜின்

செத்துப்போனவரின் லாரியில் ரேடியேட்டர் தண்ணீர் கழுத்து வரை இருந்தது. சர்வேயரம்மாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ஒன்பது மாதமாக யாருமே தொடாத வண்டி என்று சொல்லித்தான் செத்தவரின் மனைவி அவரை அழைத்திருந்தாள். யாரும் தொடாத வண்டி எப்படி இருக்கும் என்று சர்வேயரம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, எரிந்த வண்டி என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருஷம் பார்த்தவர். வேலையை விட்ட பிறகு அந்தக் கண்ணை வைத்தே துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். டயர் இறங்கியிருக்க வேண்டும். பேட்டரி செத்திருக்க வேண்டும். எலி வயரைக் கொறித்திருக்க வேண்டும். இங்கே டயர்கள் கல் மாதிரி இருந்தன. ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கில் புதுக் கிரீஸ் மஞ்சளாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"பேய் கிரீஸ் அடிக்குமா மேடம்?" என்றான் விசில். "என் மச்சான் உயிரோட இருக்கும்போதே அடிக்க மாட்டேங்கிறான்."

விசில் அவருடைய உதவியாள். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பையும் டிக்கெட்டும் போய்விட்டன, வாய் மட்டும் அப்படியே இருந்தது. அவன் பேசுவதற்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் வேலை நடக்காது.

பழைய ராணுவ லாரி. மூக்கு நீண்டது, சக்கரம் அவர் இடுப்புக்கு மேல் வந்தது. பின்னால் இரண்டு பக்கமும் மரப் பெஞ்சு. கதவில் வெள்ளை எண்களைச் சுரண்டி எடுத்த தடம் இன்னும் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது அந்தப் பெண்ணின் கணவர் எடுத்து வந்தது. லேத் பட்டறையில் வேலை. மீதி நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இந்தத் தகரக் கொட்டகையில்தான். கிடைக்காத உதிரி பாகத்தைத் தானே கடைந்து மாட்டுவார். வண்டியை முழுசாக ஓடவைத்து, மலைப்பக்கம் ஒரு நீண்ட பயணம் போக வேண்டும் என்பது அவர் ஆசை. நாலு வருஷம் கழிந்து ஒரு வியாழக்கிழமை மதியம், வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர் மேல் அது பின்னால் உருண்டது. முன்சக்கரம் நெஞ்சில் ஏறியது. பின்பக்கத் தகரத்தில் முட்டி வண்டி நின்ற பள்ளம் இப்போதும் இருந்தது.

போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. கைபிரேக் கடைசிப் பல் வரை இழுத்தபடியே இருந்ததாம். பழைய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை, முடிந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவுக்குப் பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். சொல்ல வேண்டியதை அளந்து சொன்னாள். அவர் போன ரெண்டாவது மாதம், ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தவள், எதற்கோ கொட்டகைக்குள் போய் பானெட்டில் கை வைத்திருக்கிறாள். சூடாக இருந்திருக்கிறது. வெயில் சூடு என்று நினைத்திருக்கிறாள். அடுத்த வியாழனும் சூடு. அன்றைக்கு மழை. மற்ற நாட்களில் அவளுக்குப் பகல் பாதியில் வேலை முடிந்துவிடும். வியாழன் மட்டும்தான் முழு நாள்.

பயமாக இருக்கிறதா என்று சர்வேயரம்மா கேட்டார்.

"பயம்தான் மேடம். ஒரு வியாழக்கிழமை வந்து தொட்டுப் பாக்கும்போது சூடு இல்லாம போயிடுமோன்னு."



சர்வேயரம்மா கொட்டகையைச் சுற்றி வந்தார். முன்கதவுப் பூட்டின் சாவி மனைவியிடம். பின்கதவுக்கு உள்ளே கொண்டி, வெளியே ஒரு சின்னப் பூட்டு. அது பின்மதில் பக்கம் ஒரு முடுக்கில் திறந்தது. அந்தப் பூட்டு துருவில்லாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருந்ததை எண்ணினார். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நாலு சக்கரத்துக்கு எட்டு. எல்லாம் புதுசாக அறுத்த மரம். தரை லேசாகத்தான் சரிவு. ரெண்டு கட்டை போதும்.

"எட்டு கட்டை," என்றான் விசில். "இந்த வண்டி ஓடிப்போயிடும்னு யாருக்கோ ரொம்ப பயம் மேடம்."

"அதை ஞாபகம் வச்சுக்க," என்றார் அவர்.

மூலையில் ஒரு தகர டப்பா. இறுக்கமாக மூடியிருந்தது. திறந்தால் கிரீஸ் துடைத்த துணிகள், ஒவ்வொன்றும் நாலாக மடித்தது. கணவர் துணியை எங்கே போடுவார் என்று கேட்டார். கையெட்டும் தூரத்தில் எறிவார், பொறுக்கி எடுப்பதே தன் வேலை என்றாள் அவள். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உடனே போய்விட்டது.

பிறகு அவர் டிரைவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் பின்னால் வரும் வழி தெரியவில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தரை தெரிந்தது. வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தால் அவர் கால் தெரியும், அவ்வளவு கீழே திருப்பியிருந்தது.

விசில் எட்டிப் பார்த்து, இப்படிக் கண்ணாடி வைத்து ஓட்டுகிறவன் ஒன்று சில்லறையைத் தொலைத்தவனாக இருக்க வேண்டும், இல்லை முதல் நாளே நாலு பேரை இடிக்கப்போகிறவனாக இருக்க வேண்டும் என்றான். சர்வேயரம்மா வெகு நேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் ரெண்டு பேரும் அவள் கொழுந்தனைப் பார்க்கப் போனார்கள். கடைவீதியில் பெயிண்ட் கடை. அந்த லாரியைத் தொலைத்துத் தலைமுழுகினால்தான் அண்ணி மனுஷியாவாள் என்பது அவர் கட்சி. போன மாதம் வாங்குவதற்கு ஒரு ஆளையும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். வந்தவன் சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டதாம். இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிற வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று அவனே கேட்டானாம்.

"அண்ணிதான் மெக்கானிக் வச்சுப் பாத்துக்கிறாங்கன்னு நெனச்சேன்," என்றார் கொழுந்தன். "நான் வேற கேட்டு அவங்க மனசை நோகடிக்கணுமா, சொல்லுங்க."

வெளியே வந்ததும் விசில் அந்த ஆளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்றான். வாங்க வந்தவன் வண்டியைப் பாராட்டியதை இப்படி வாயைப் பிளந்து சொல்கிறவன், ஒன்று குற்றமில்லாதவன், இல்லை நாடகக்காரன். பெயிண்ட் கடைக்காரருக்கு நாடகம் வராது, கலர் அட்டையைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியவில்லை. சர்வேயரம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

திரும்பி வந்து அவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். அரை மணி நேரம் கழித்து, முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார். விபத்து நடந்த அன்று போலீஸ் எடுத்த போட்டோக்களைக் கேட்டு வாங்கி, ஒன்றை மட்டும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். கியர்ப்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் கழன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் நாலு போல்ட்.

அடுத்து அவர் கேட்டது, பின்மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று.

அச்சாபீஸ் அண்ணன் என்றாள் அவள். அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் தூரத்தில். அவள் கணவரும் அவரும் நல்ல சிநேகிதம். அன்றைக்கு எதுவும் கேட்டதா என்று போலீஸ் அவரையும் விசாரித்திருக்கிறது. அத்தனை வருஷம் மெஷின் சத்தத்தில் நின்று காது சுத்தமாகப் போனவர். மனுஷன் இடி விழுந்தால்கூட வெளிச்சத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். காதில் மெஷின் வைக்கச் சொல்லி மகள் எத்தனையோ கெஞ்சியும் கேட்கவில்லையாம்.

சர்வேயரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். நாளைக்கு வியாழன், வழக்கம்போல ஏழு மணிக்கு வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள், தெருமுனை திரும்பியதும் சத்தமில்லாமல் வந்துவிடுங்கள் என்றார்.

மறுநாள் காலை மூன்று பேரும் லாரியின் பின்பெட்டியில், கான்வாஸ் துணிக்குப் பின்னால், மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வண்டியில் ஸ்டாண்டிங்கிலேயே அறுபது பேரை ஏற்றலாம் என்று விசில் காதோடு சொன்னான். அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தாள். அவள் யாரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைத்துப் பார்க்கச் சர்வேயரம்மாவுக்குத் துணிவு வரவில்லை.

மதியம் ரெண்டு மணிக்கு மேல் பின்பூட்டு திறக்கும் ஓசை கேட்டது. ரப்பர்ச் செருப்பு. வந்தவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சக்கரமாகப் போய்க் கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். எட்டுத் தட்டல். தண்ணீர் ஊற்றும் சத்தம். ஆயில் கம்பியை உருவித் துடைக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. விசில் கான்வாஸ் கிழிசல் வழியாகப் பார்த்தான். வயதானவர் ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தலையைத் தரையோடு வைத்து, அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் அவர், வண்டிக்கு அடியைப் பார்த்து. "கீழ யாரும் இல்லையே?"

காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தார். பதில் வர வேண்டும் என்று நிஜமாகவே காத்திருந்தார்.

சர்வேயரம்மா பின்பெட்டியிலிருந்து, பக்கத்து ஆளிடம் பேசும் குரலில் சொன்னார்: "யாரும் இல்லைங்க ஐயா."

வயதானவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலறவில்லை, ஓடவும் இல்லை. கான்வாஸ் விலகியது, முதலில் சர்வேயரம்மா, பிறகு விசில், கடைசியில் அவள். அவளைப் பார்த்ததும்தான் கையிலிருந்த துணியை நாலாக மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்தும் திரும்ப மடித்தார்.

"மெதுவாத்தான் பேசினேன், கேட்டுடுச்சு," என்றார் சர்வேயரம்மா. "காதுல மெஷின் எப்ப வச்சீங்க?"

அவள்தான் சொன்னாள், இவர் துக்கத்துக்குக்கூட வரவில்லை, டவுனுக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. அந்த வாரம்தான் அவர் காது மெஷின் வாங்கப் போயிருக்கிறார். பத்து வருஷம் மகள் கெஞ்சி வைக்காதது.

சர்வேயரம்மா சுருக்கமாகச் சொன்னார். கிரீஸ் துணியை மடித்து மூடி போட்ட டப்பாவில் வைப்பது பட்டறைக்காரர் பழக்கமில்லை, அச்சகத்துப் பழக்கம். மண்ணெண்ணெய்த் துணி தீப்பிடிக்கும் என்பதால் அங்கே அப்படித்தான் வைப்பார்கள். அது ஆள் யார் என்று சொன்னது. கட்டையும் கண்ணாடியும் ஏன் என்று சொன்னன. டிரைவர் ஸீட்டில் உட்காரும்போதெல்லாம் அடியில் யாராவது கிடக்கிறார்களா என்று பார்த்தே தீர வேண்டிய ஒருவர், முன்பு ஒரு தடவை பார்க்காமல் விட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

"அன்னைக்கு ஸீட்ல நீங்க இருந்தீங்க," என்றார்.

"ஆமா," என்றார் அச்சாபீஸ் அண்ணன்.

சர்வேயரம்மா அவள் பக்கம் திரும்பினார். கைபிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று விளக்க ஆரம்பித்தார். இந்த மாதிரி வண்டியில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டையே கழற்றிவிட்டால்...

"தெரியும் மேடம்," என்றாள் அவள். "ஷாஃப்ட் கழன்டா கைபிரேக்கும் இல்ல, கியரும் இல்ல. நாலு வருஷம் டார்ச் புடிச்சவ நான். எனக்கு முதல் நாளே தெரியும்."

விசில் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதற்காக இவள் தங்களை அழைத்தாள் என்பது சர்வேயரம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அது தெரிந்தவள் ஒன்பது மாதமாக வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளே சொன்னாள். அன்று காலை சண்டை. லீவு எடுத்து ரெண்டு பேரும் அவள் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தது. அவர் வண்டி வேலை என்று வரவில்லை. அவள் வேலைக்கே கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது, இந்த வண்டிக்கு அடியிலேயே கிட, இனிமே வீட்டுக்குள்ள கால் வைக்காத என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு மணிக்கு வந்து பார்த்தபோது அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். ஷாஃப்ட் கழன்றிருந்தது. சக்கரத்துக்கு ஒரு கட்டைகூட இல்லை. கட்டை வைக்காமல் ஷாஃப்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என்ஜின் சூடாக ஆரம்பித்தது. கோபம் தணிந்து வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"கட்டை வைக்காததுக்குக் காரணம் இருக்கு," என்றார் சர்வேயரம்மா. "நாலு போல்ட்ல ரெண்டு மேல இருக்கு, கைக்கு எட்டாது. வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினாதான் கீழ வரும். நகர்த்தணும், நிறுத்தணும். ஒருத்தர் அடியில, ஒருத்தர் கால்பிரேக்குல. கட்டை இல்லாம ஒரு ஆளால அந்த ஷாஃப்டைக் கழட்டவே முடியாது. சாக நெனச்சவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஸீட்ல உக்கார வச்சிருக்க மாட்டார்."

அதற்குப் பிறகு அச்சாபீஸ் அண்ணன் தானாகவே சொன்னார், தரையைப் பார்த்தபடி. தம்பி மதிலைத் தட்டிக் கூப்பிட்டான், அஞ்சே நிமிஷம் என்றான். அடியிலிருந்து விடுண்ணே என்பான், இவர் காலை எடுப்பார், வண்டி ஒரு சாண் நகரும். புடிண்ணே என்பான், மிதிப்பார். வலது காது கொஞ்சம் கேட்கும், அந்தப் பக்கம் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். மூணு போல்ட் வந்துவிட்டது. நாலாவதும் வந்துவிட்டது.

"அப்ப ஒண்ணு சொன்னான். எனக்கு விடுண்ணேன்னு கேட்டுச்சு. காலை எடுத்துட்டேன்."

வண்டி நகர்ந்தது. நிற்கவில்லை. பிரேக் எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியவில்லை. கைபிரேக்கை இழுத்தார், இழுக்கிற வரைக்கும் இழுத்தார். இறங்கிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வந்தபோது காதைத் தொட்டுக் காட்டினார். செவிடன் என்றதும் யாரும் ரெண்டாவது கேள்வி கேட்கவில்லை. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணாவிட்டால் வண்டி செத்துவிடும் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருப்பான். அது ஒன்றுதான் தன்னால் முடிந்தது என்றார். பின்பூட்டுக்கு ஒரு சாவி தம்பி முன்பே கொடுத்து வைத்திருந்தான், வண்டிச் சாவி எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். ராணுவம் கொடுத்த பராமரிப்புப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கட்டை வைத்து எடுத்து, ஷாஃப்டைத் தனியாகவே மாட்ட ரெண்டு மாதம் ஆனதாம்.

விசில் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"உங்களுக்கு விடுண்ணேன்னு கேட்டுச்சு," என்றாள் அவள். "அவர் என்ன சொன்னாரு?"

"விடாதண்ணேன்னு சொல்லியிருக்கான்மா. மறுநிமிஷமே தெரிஞ்சு போச்சு. போல்ட் எல்லாம் வந்துடுச்சு, இனிமே விடாதண்ணே. நடுவுல ரெண்டு எழுத்து எனக்கு விழல."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க," என்றாள்.

அவர் சொன்னார். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை என்றாள். சர்வேயரம்மா விசிலின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். முடுக்கில் ரெண்டு பேரும் நின்றார்கள். உள்ளேயிருந்து மூன்றாவது தடவை, வண்டிக்கு அடியிலிருந்து ஒருவன் கத்துவது போல, அவர் கத்தியது தகரம் அதிரக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழும் சத்தம். ஒன்பது மாதத்தில் அவள் அழுது தான் பார்த்ததே இல்லை என்று கொழுந்தன் சொல்லியிருந்தார்.

விசில், போலீசுக்குச் சொல்ல வேண்டியது யார் என்று மட்டும் கேட்டான். சொல்ல வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்றார் சர்வேயரம்மா.

வெள்ளிக்கிழமை காலை அச்சாபீஸ் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். தனியாகப் போகிறேன் என்றவரை விடாமல் அவளும் கூட நடந்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார், எழுத்தர் எழுதிக்கொண்டார். விபத்து விபத்துதான், மறைத்ததற்கு மாஜிஸ்திரேட் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு அவளிடம், இவர் மேல் புகார் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"இவர் மேல இல்ல," என்றாள் அவள். "அன்னைக்குக் காலைல நான் அவர்கிட்ட ஒண்ணு சொன்னேன். அதையும் எழுதிக்குங்க."

அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை, எழுதத் தேவையில்லை என்றார் எழுத்தர். பேனாவைக்கூட மூடிவிட்டார்.

"எழுதுங்க," என்றாள்.

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். எழுத்தர் பேனாவைத் திறந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார்.